தூக்கி வைக்க முடியாத வெங்காயத்துக்கு ஒரு வழி

வெங்காயம் கிண்டிய வீட்டுக்கு முதலில் வேண்டியது இடம். தாளோடு காயவிட்டு, பிடி பிடியாகக் கட்டி, காற்றோட்டமான கொட்டிலில் தூக்கினால்தான் வெங்காயம் மாதக்கணக்கில் நிற்கும். வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்து பழகிய உங்களுக்கு இதை நாம் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் இடம்பெயர்ந்து, பிறருடைய தறையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிற குடும்பத்துக்குக் கொட்டில் ஏது? படுக்கையும் அடுப்பும் பிள்ளைகளின் புத்தகங்களும் ஒரே அறைக்குள் இருக்கும்போது வெங்காயம் மூலையில்தான் குவியும். குவிந்த வெங்காயம் வியர்க்கும், வியர்த்தது அழுகும். அதற்குப் பயந்தே பலர் கிண்டிய கையோடு வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பெரிய நட்டத்துக்கு இக்கட்டுரையில் மருந்து இல்லை. விற்கவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் கடகத்தின் அடியில் கிடக்கும் வெங்காயத்தைச் சோற்றுக்குத் துணையாக்கும் ஒரு சிறு வழியையே சொல்கிறோம்.

முதலில் தெரிவு. நன்றாகக் காய்ந்து கழுத்துச் சுருங்கிய, காயம்படாத வெங்காயத்தில் கை வைக்க வேண்டாம். அது விதைக்கு. எமது சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் குமிழிலிருந்தே நடுகிறோம். விதை வெங்காயம் தீர்ந்தால் அடுத்த போகத்துக்குக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் ஆச்சி, "விதையைத் திண்டுபோட்டு வெறுந்தறையைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ, பிள்ளையள்?" என்று கேட்டார். அதற்குமேல் நாம் சொல்ல எதுவுமில்லை. கழுத்துத் தடித்தது, மண்வெட்டி பட்டுப் பிளந்தது, மிகப் பொடியானது, முளை விட்டது ஆகியவை நெடுநாள் நில்லா. அவற்றை எடுங்கள். வெட்டுக்காயம் பட்டதை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். அழுகல் மணம் வந்ததையும் கறுப்புப் பூஞ்சணம் உள்ளே இறங்கியதையும் எறிந்துவிடுங்கள். வினாகிரி அழுகலை மறைக்கும், மாற்றாது.

கால் கிலோ வெங்காயத்தை உரித்துக் கழுவி மெல்லிய வளையங்களாக அரியுங்கள். ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிசறிப் பத்து நிமிடம் விட்டால் தண்ணீர் விடும். அதோடு காரமும் கொஞ்சம் போகும். அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, கீறிய பச்சை மிளகாய் இரண்டையும் மிளகு ஆறையும் சேர்த்து, கழுவிக் கொதிநீரில் அவித்தெடுத்த கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். அரைக் கோப்பை தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சீனி கரையக் கொதிக்கவைத்து இறக்கி, அரைக் கோப்பை வினாகிரி சேர்த்து, சூடு ஆறுமுன் வெங்காயத்தின் மேல் ஊற்றுங்கள். போத்தல் குளிர்ந்திருந்தால் வெடிக்கும், ஆகவே அதுவும் இளஞ்சூட்டில் இருக்கட்டும். வெங்காயம் முழுவதும் மூழ்கவேண்டும். அரை மணித்தியாலத்தில் சாப்பிடலாம். சிவப்பு வெங்காயத்தின் நிறம் புளியில் பட்டதும் ரோசாப்பூப்போல் மாறும். பிள்ளைகள் அதைப் பார்த்தே கை நீட்டுவார்கள்.

வினாகிரி இல்லாத வீட்டில் மூன்று நான்கு தேசிக்காயின் புளியைப் பிழிந்து, உப்புப் பிசறிய வெங்காயத்தில் விடலாம். அடுப்பே தேவையில்லை. அதை அன்றைக்கே முடித்துவிடவேண்டும். 1990களில் நிவாரண அட்டைக்குக் கிடைத்த அரிசியையும் மாவையும் பருப்பையும் வைத்துக்கொண்டு நாளுக்கு நாள் ஒரே சாப்பாட்டைச் சமைத்தவர்களுக்கு, ஒரு கரண்டி புளிப்பும் உறைப்பும் எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ரொட்டிக்கும் புட்டுக்கும் பருப்புச் சோற்றுக்கும் இது பொருந்தும். பாணுக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கட்டிக் கொடுக்கலாம்.

பாத்திரத்தில் கவனம் வேண்டும். அலுமினியச் சட்டியிலும் செம்புப் பாத்திரத்திலும் வினாகிரியை வைக்கக்கூடாது, புளி உலோகத்தைத் தின்னும். கண்ணாடி, பீங்கான், நன்கு சுட்ட சட்டி, எவர்சில்வர் நல்லவை. தென்னங்கள்ளுப் புளித்து வரும் வினாகிரிக்கு மணம் அதிகம். கடையில் விற்கும் செயற்கை வினாகிரி மலிவு. இரண்டுமே சரி. ஆனால் கடும் அசற்றிக் அமிலத்தை வாங்கி வீட்டில் தண்ணீர் கலந்து வினாகிரி செய்ய முயலாதீர்கள். அது தோலையும் கண்ணையும் எரித்துவிடும்.

இனி எமது தவறைச் சொல்லவேண்டும். ஒரு பெண்கள் குழுவோடு சேர்ந்து, சந்தையில் விற்கலாம் என்ற எண்ணத்தில் பன்னிரண்டு போத்தல் போட்டோம். செலவைக் குறைக்க வினாகிரியில் பாதிக்குப் பாதிக்கும் மேலாகத் தண்ணீர் கலந்தோம். குளிர்சாதனப் பெட்டி இல்லை, தட்டில் அடுக்கி வைத்தோம். ஐந்தாம் நாள் போத்தல்களில் நுரை, இரண்டின் மூடி புடைத்திருந்தது. எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தோம். வெங்காயமும் போனது, வினாகிரிக் காசும் போனது. விற்றிருந்தால் அதைவிட மோசம். வாங்கியவரின் வயிறும் எமது பேரும் சேர்ந்து கெட்டிருக்கும்.

காரணம் எளிது. கிருமி வளராமல் தடுப்பது வினாகிரியின் புளிப்பு. தண்ணீர் கூடினால் அந்தப் புளிப்புக் குறைகிறது, வெங்காயமும் தன் நீரை விட்டு இன்னும் குறைக்கிறது. மேலே சொன்ன அரைக்கு அரை அளவு உடனே சாப்பிடுவதற்கே. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் ஒரு வாரம் வைக்கலாம். இல்லாத வீட்டில் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் போடுங்கள். மாதக்கணக்கில் வைத்து விற்கும் அச்சாறு வேறு வேலை. அதற்குப் புளிப்பை அளக்கவும் போத்தலை முறையாக மூடவும் பயிற்சி வேண்டும். அதைக் கற்காமல் சந்தைக்குப் போகவேண்டாம்.

வயிற்றுப்புண் உள்ளவர்கள் அளவோடு தொட்டுக்கொள்ளட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பைக் குறையுங்கள். வெங்காயம் முடிந்தபின் போத்தலில் மிஞ்சும் தண்ணீரில் இரண்டாம் முறை வெங்காயம் போடக்கூடாது, அதில் புளிப்பு ஏற்கெனவே இறங்கிவிட்டது. அன்றைய சம்பலில் சேர்த்துத் தீர்த்துவிடுங்கள்.