வீட்டுக்காரரும் திறக்க முடியாத கதவு

தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கருவறைக் கதவு மூடியே இருக்கும். பூசையெல்லாம் அந்தக் கதவுக்குத்தான். மெயின்ஃபிரேம் கணினிகளின் நினைவகப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவு நினைவுக்கு வரும்.

மெயின்ஃபிரேம் என்கிற ஒரே பெரிய இயந்திரத்துக்குள் பல கணினிகள் ஓடும். முழு இயந்திரமும் தன்னுடையது என்றே ஒவ்வொன்றும் நினைத்துக்கொள்ளும். இவற்றுக்கு ‘கெஸ்ட்’ என்று பெயர். இடம் பிரித்துக்கொடுத்து மேய்க்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். நம் பக்கத்துக் காம்பவுண்டு வீடு மாதிரிதான்: கெஸ்ட்கள் குடித்தனக்காரர்கள், ஹைப்பர்வைசர் வீட்டுக்காரர்.

முதல் பூட்டு 1964-லேயே வந்துவிட்டது. ஐபிஎம் சிஸ்டம்/360-ல் நினைவகத்தை 2,048 பைட் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 15 வரை ஒரு சாவி எண் கொடுத்தார்கள். ஓடுகிற நிரலின் கையிலும் ஒரு சாவி எண் உண்டு. இரண்டும் பொருந்தாவிட்டால் எழுத முடியாது. கூடுதலாக ஒரு பிட்டை வைத்துவிட்டால் படிக்கவும் முடியாது. சாவி 0 மட்டும் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும், அது இயங்குதளத்துக்கானது. இன்றைய இயந்திரங்களிலும் இந்தச் சாவி இருக்கிறது, துண்டு மட்டும் 4,096 பைட்டாகிவிட்டது. அந்தத் துண்டுக்குப் ‘பக்கம்’ என்று பெயர்.

இரண்டாவது பூட்டு முகவரி. கெஸ்ட் தன் நினைவகம் 0-வில் தொடங்குகிறது என்று நம்பும். எல்லாக் குடித்தனக்காரரும் தன் வாசலையே ஒன்றாம் எண் என்று சொல்வதுபோல. உண்மையில் எந்த இடம் என்பது ஹைப்பர்வைசரின் அட்டவணையில்தான் இருக்கும். அட்டவணையில் இல்லாத இடத்தை கெஸ்ட் தொடவே முடியாது. 1973-ல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155 மாடல், 1970-ல் அறிமுகமானபோது சாவி மட்டுமே வைத்திருந்தது; முகவரி மாற்றும் வசதி அதில் இல்லை. 1972 ஆகஸ்டில்தான் அந்த மாடலுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கருவியை ஐபிஎம் அறிவித்தது. விஎம்/370 என்ற ஹைப்பர்வைசரும் அப்போதுதான் அறிவிக்கப்பட்டது. ஆரம்பத்தில் கெஸ்ட் தனக்கென வைத்திருக்கும் அட்டவணையையும் தன் அட்டவணையையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்றை ஹைப்பர்வைசரே எழுதிவைக்க வேண்டியிருந்தது. பின்னால் எஸ்ஐஇ என்ற கட்டளை வந்தது. கெஸ்டை ஓடவிடுவதே அந்தக் கட்டளைதான். இரண்டு அட்டவணைகளையும் வன்பொருளே புரட்டிக்கொள்ளும்.

சிக்கல் எங்கே என்றால், சாவியோடு ஒட்டியிருக்கும் இரண்டு குறிகளில். இந்தப் பக்கம் தொடப்பட்டதா என்று ஒன்று சொல்லும், மாற்றப்பட்டதா என்று இன்னொன்று சொல்லும். இடம் போதாதபோது ஹைப்பர்வைசர் ஒரு பக்கத்தை வட்டுக்கு அனுப்பும். மாற்றப்படாத பக்கம் என்றால் வட்டில் இருக்கும் பழைய பிரதியே போதும், நினைவகத்தில் இருப்பதைத் தூக்கிப்போட்டுவிடலாம். ஆனால் கெஸ்டும் இதே குறியைத் தன் வேலைக்குப் பயன்படுத்துகிறது. அது பக்கத்தில் ஒரு கணக்கை எழுதி, தன் வட்டில் சேமித்து, குறியை அழித்துவிட்டது என்று வையுங்கள். ஹைப்பர்வைசர் வந்து பார்த்தால் ‘மாறவில்லை’ என்று தெரியும். புதிய கணக்கைத் தூக்கிப்போட்டுவிடும். கெஸ்டுக்கு அடுத்த முறை கிடைப்பது பழைய கணக்கு. பிழைச் செய்தி எதுவும் வராது. எனக்கு இதைவிடப் பயங்கரமான கோளாறு தெரியாது.

தீர்வு, ஒவ்வொரு பக்கத்துக்கும் இரட்டைக் கணக்கு. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் 2 கிலோபைட் பக்க அட்டவணையை ஒட்டி இன்னொரு 2 கிலோபைட் ஒதுக்குவார்கள். கெஸ்டின் குறி தனியாகவும் ஹைப்பர்வைசரின் குறி தனியாகவும் அதில் இருக்கும். பக்கம் வட்டில் கிடக்கும்போது கெஸ்டின் சாவி எண்ணும் அங்கேதான் பத்திரமாக இருக்கும். சாவியையே பயன்படுத்தாத கெஸ்டுக்கு இந்தச் சுமை வேண்டாம் என்று, கெஸ்ட் முதல் சாவிக் கட்டளையைக் கொடுக்கும்வரை சாவிகளைக் கையாளும் வேலையைக் கேவிஎம் தொடங்குவதே இல்லை. நல்ல சிக்கனம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு குடித்தனக்காரரிடமிருந்து இன்னொருவரைக் காப்பது. வீட்டுக்காரரே எட்டிப்பார்த்தால்? பல காலம் அதற்குத் தடையே இல்லை. ஹைப்பர்வைசர் எந்தப் பக்கத்தையும் படிக்கலாம். 2020-ல் இசட்15 இயந்திரங்களுக்கு வந்த ‘செக்யூர் எக்ஸிகியூஷன்’ அதை மாற்றியது. இயந்திரத்தின் ஃபர்ம்வேரில் அல்ட்ராவைசர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கெஸ்ட் குறியாக்கம் செய்யப்பட்டே வரும். அல்ட்ராவைசர்தான் அதைப் பிரித்து ஓடவிடும். ஹைப்பர்வைசர் அந்தப் பக்கத்தைத் தொட்டால் வன்பொருள் தடுத்து நிறுத்தும். வட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டுமா? அல்ட்ராவைசர் பக்கத்தைக் குறியாக்கிப் பூட்டித்தான் கையில் கொடுக்கும். திரும்பி வரும்போது ஒரு பிட் மாறியிருந்தாலும் ஏற்றுக்கொள்ளாது.

ஆகவே ஹைப்பர்வைசர் கெஸ்டுக்கு இடம் தருகிறது, நேரம் தருகிறது, நிற்பதோ கதவுக்கு வெளியே. அந்தக் கோயில் கதவு எனக்கு நினைவுக்கு வருவது இதனால்தான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இப்போதும் ஹைப்பர்வைசர் நினைத்தால் கெஸ்டை ஓடவிடாமல் நிறுத்திவைக்கலாம். உள்ளே இருப்பதைப் படிக்கத்தான் முடியாது.