சொட்டும் குழாயை நாமே சரி செய்யலாம்

குழாயை இறுக்கி மூடுகிறோம். ஆனாலும் தண்ணீர் சொட்டுகிறது. "சொட்டுத்தானே, போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சொட்டு எவ்வளவு? ஒரு முறை அளந்து பார்ப்போம்.

சொட்டுக் கணக்கு

சொட்டும் குழாயின் கீழே ஒரு டம்ளரை வையுங்கள். மணி பாருங்கள். ஒரு மணி நேரத்தில் டம்ளர் நிறைந்தது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு டம்ளர் 200 மில்லி.
ஒரு நாளைக்கு 24 டம்ளர். அதாவது 4,800 மில்லி. ஏறக்குறைய 5 லிட்டர்.
30 நாளைக்கு 144 லிட்டர்.
15 லிட்டர் குடத்தில் பிடித்தால் ஏறக்குறைய 10 குடம்.

பத்துக் குடம் தண்ணீரை இடுப்பில் சுமந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவில் இருக்கிறது குடிபாலா. இந்தப் பக்கம் அடிக்கடி வறட்சி வரும். மழை பொய்த்தால் போரில் தண்ணீர் கீழே போகும். கீழே உள்ள தண்ணீரை மோட்டார் வைத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறோம். அதற்கு மின்சாரம் செலவாகிறது. சொட்டும் குழாயில் தண்ணீரும் போகிறது, மின்சாரமும் போகிறது.

2019-ஆம் ஆண்டு மத்திய அரசு ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தது. கிராமத்தில் வீட்டுக்கு வீடு குழாய் தருவது அதன் நோக்கம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. வீட்டுக்குக் குழாய் வந்தால் போதாது. அதைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

கசிவு வழியே அழுக்கும் வரும்

பைப்பில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே போகும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அழுக்கு உள்ளேயும் வரும். இது பலருக்குத் தெரியாது.

நம் ஊரில் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. விடும்போது பைப்பில் அழுத்தம் இருக்கும். நிறுத்தியதும் பைப் காலியாகும். அப்போது அது வெளியில் இருப்பதை உறிஞ்சும். ஓட்டைக்குப் பக்கத்தில் சாக்கடை இருந்தால் சாக்கடை நீர் உள்ளே போகும். மறுநாள் அதுதான் நம் குடத்தில் விழும். வாந்தி, பேதி, மஞ்சள் காமாலை வர இதுவும் ஒரு காரணம். அதனால் பைப்பு கசிந்தால் உடனே சரி செய்ய வேண்டும். அதுவரை குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும்.

மும்பையில் ஒரு பெரியவர்

சின்ன வேலைக்கு பிளம்பர் எளிதில் வருவதில்லை. இது பெரிய நகரத்திலும் உண்டு. மும்பைக்குப் பக்கத்தில் மீரா ரோடு என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆபித் சுர்தி என்ற எழுத்தாளர் இதைக் கவனித்தார். சின்ன வயதில், தண்ணீருக்காகத் தன் தாய் விடியற்காலையில் வரிசையில் நின்றதைப் பார்த்தவர் அவர்.

2007-ஆம் ஆண்டு அவர் ஒரு வேலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 70-க்கு மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிளம்பரையும் ஒரு பெண் தொண்டரையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒழுகும் குழாய்களைக் காசு வாங்காமல் சரி செய்தார். முதல் ஆண்டில் 1,666 வீடுகளுக்குப் போனார்கள். 414 குழாய்களைச் சரி செய்தார்கள். பல குழாய்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன ரப்பர் வாஷர்தான்.

"இது ஆண்கள் வேலை" என்று சிலர் சொல்வார்கள். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா என்று ஒரு மாவட்டம் உள்ளது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் கிராமத்துப் பெண்கள் அடிபம்பு பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலருக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. அடிபம்பையே கழற்றி மாட்டினார்கள். குழாய்க்கு வாஷர் போடுவது அதைவிட எளிது.

வாஷர் மாற்றுவது எப்படி?

தேவையானவை: ஒரு ஸ்பேனர், பழைய துணி, புது வாஷர்.

பல சுற்றுத் திருகும் பழைய பித்தளைக் குழாய்க்கு இந்த முறை.

1. தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, உள்ளே மிச்சம் இருக்கும் தண்ணீரை விட்டுவிடுங்கள்.
2. குழாயின் மேல்பாகத்தில் பெரிய நட்டு இருக்கும். அதன்மேல் துணி சுற்றுங்கள். ஸ்பேனரால் இடது பக்கம் திருப்புங்கள். இடது பக்கம் திருப்பினால் கழலும். வலது பக்கம் திருப்பினால் இறுகும்.
3. மேல்பாகத்தைத் தூக்குங்கள். உள்ளே ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். அதன் அடியில் இருப்பதுதான் வாஷர். தேய்ந்தோ கிழிந்தோ இருந்தால் எடுத்துவிடுங்கள்.
4. பழைய வாஷரைக் கடைக்கு எடுத்துப் போங்கள். அதே அளவில் புதியது கேளுங்கள். சித்தூர் கடையில் தெலுங்கில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் வாஷர் என்றால் புரியும்.
5. வாஷர் உட்காரும் இடத்தைத் துணியால் துடையுங்கள். புது வாஷரைப் போடுங்கள். மேல்பாகத்தை மறுபடி மாட்டி இறுக்குங்கள்.
6. வால்வை மெதுவாகத் திறந்து பாருங்கள்.

இன்னும் சொட்டினால், வாஷர் உட்காரும் இடமே அரித்துப்போயிருக்கும். அப்போது குழாயையே மாற்ற வேண்டும்.

கால் சுற்றுத் திருப்பினால் திறக்கும் குழாய்களில் இந்த வாஷர் இருக்காது. உள்பாகத்தைக் கழற்றிக் கடையில் காட்டி, அதே மாதிரி வாங்கி மாட்ட வேண்டும்.

கைப்பிடிக்கு அடியில் கசிந்தால், அங்கே இருக்கும் சின்ன நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் போதும்.

குழாய் சுவரில் சேரும் இடத்தில் கசிந்தால், வால்வை மூடிக் குழாயைக் கழற்றுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பை மரை போகும் பக்கமாகவே பத்துச் சுற்று சுற்றுங்கள். பிறகு மாட்டுங்கள். பிளாஸ்டிக் குழாயை ரொம்ப இறுக்கினால் உடைந்துவிடும்.

பைப்பு வெடித்தால்

உடனே செய்ய வேண்டியது: பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டுங்கள். வெடிப்பின் மேல் இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டுங்கள். இது ஓரிரு நாளைக்குத்தான்.

முழுதாகச் சரி செய்ய, தண்ணீரை நிறுத்துங்கள். வெடித்த பாகத்தை ரம்பத்தால் வெட்டி எடுங்கள். அந்த நீளத்துக்குப் புதுத் துண்டு ஒன்றும், இணைக்க இரண்டு கப்ளிங்கும் வேண்டும். பி.வி.சி. பைப்பின் மேல் அளவு அச்சடித்திருக்கும். அதைப் படியுங்கள். 20 மி.மீ. என்றால் அரை அங்குலப் பைப்பு. 25 மி.மீ. என்றால் முக்கால் அங்குலம். அதே அளவு கேட்டு வாங்குங்கள்.

பைப்பின் முனைகளைத் துடைத்து ஈரமில்லாமல் காயவிடுங்கள். சொல்யூஷன் தடவி, கப்ளிங்கில் செருகி, அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். எவ்வளவு நேரம் கழித்துத் தண்ணீர் விடலாம் என்று டப்பாவில் எழுதியிருக்கும். அதுவரை பொறுங்கள். சொல்யூஷன் சீக்கிரம் தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்பும் பீடியும் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

எதை நாம் தொடக்கூடாது?

தெருவில் போகும் பெரிய லைன் கசிந்தால் பஞ்சாயத்தில் சொல்ல வேண்டும். எந்தத் தெரு, யார் வீட்டுக்கு எதிரில், என்றைக்கிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு தெருவில் 20 வீடுகள். 5 வீட்டில் குழாய் சொட்டுகிறது. ஒவ்வொன்றிலும் மாதம் 10 குடம் வீணாகிறது. அப்படியானால் ஓர் ஆண்டில் எத்தனை குடம்?

உங்கள் தெருவில் எத்தனை குழாய் சொட்டுகிறது? எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.