கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேரும் அலுவலகம்

கார் கம்பெனி ஒன்று புது மாடல் கொண்டுவருகிறது என்றால் அது அந்தக் கம்பெனியின் வேலை மட்டும் அல்ல. இருக்கை செய்பவர், ஒயரிங் செய்பவர், தகட்டை பிரஸ்ஸில் அழுத்தி பிராக்கெட் அடித்துத் தருபவர் என்று பெரிய சப்ளையர் கூட்டமே ஒரு தேதியை நோக்கி ஓட வேண்டியிருக்கிறது. உற்பத்தி தொடங்கும் அந்த நாளுக்கு எஸ்.ஓ.பி. என்று பெயர். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் வளாகங்களில் வேலை பார்ப்பவர்களின் காலண்டரில் தீபாவளி, பொங்கலுக்கு அடுத்து முக்கியமான தேதி இதுதான்.

இந்த ஓட்டத்தைக் கவனிக்கவே ஒரு நிறுவனம் தனக்குள் வைத்துக்கொள்ளும் சிறு குழுதான் பி.எம்.ஓ. எனப்படும் திட்ட மேலாண்மை அலுவலகம். எந்த வேலை எங்கே நிற்கிறது, எது தாமதமாகப் போகிறது, யார் எப்போது முடிவெடுக்க வேண்டும் என்று பார்ப்பது அதன் பொறுப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான்கைந்து பேரும் சில எக்செல் தாள்களும்தான் தெரியும். அந்தக் குழு முதிர்ந்ததா, இன்னும் முதிராததா என்பதைப் பொறுத்துத்தான் தேதி நிற்கும், அல்லது தவறும்.

தேதியோடு போட்டி போடுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஹூண்டாய் இந்தியா 1996இல் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டினார்கள்; 1998 செப்டம்பரில் சான்ட்ரோ விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2008இல் வேலையைத் தொடங்கி, உலகப் பொருளாதாரமே சரிந்துகிடந்த காலத்தைக் கடந்து, 2010 மார்ச்சில் ஆலையைத் திறந்தது. முதலில் கூட்டாளியாக இருந்த மஹிந்திரா அதற்கு முன்பே விலகியிருந்தது. பக்கத்திலேயே டைம்லருக்கும் அப்படித்தான்: ஹீரோ குழுமம் கூட்டிலிருந்து விலகிய பிறகு தனியாகவே நின்று 2012 ஏப்ரலில் பாரத்பென்ஸ் லாரிகளுக்கான ஆலையைத் திறந்தது. கூட்டாளி போகிறார், சந்தை விழுகிறது, மழை கொட்டுகிறது, ஆனாலும் தேதி நகரக் கூடாது. இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களுக்குப் பொருள் கொடுக்கும் நடுத்தர சப்ளையர் கம்பெனிகளில்தான் பி.எம்.ஓ. படிப்படியாக வளர்வதை நன்றாகப் பார்க்க முடியும்.

ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதை அடிக்கும் அச்சான டை சீனாவிலோ கொரியாவிலோ தயாராகி, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, கஸ்டம்ஸ் தாண்டி ஒரகடம் வந்து சேருகிறது. திங்கட்கிழமை முதல் ட்ரையல். அளந்து பார்த்தால் ஒரு துளை 0.4 மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. இனி டையைப் பிரிக்க வேண்டும், துளை போடும் பஞ்ச்சின் இடத்தை மாற்ற வேண்டும், மறுபடி அடித்து மறுபடி அளக்க வேண்டும். டூல் ரூம் இன்ஜினியருக்கு இது திங்கள் மதியமே தெரியும். பிளான்ட் ஹெட்டுக்கு எப்போது தெரியவரும்? ஒரு பி.எம்.ஓ.வின் வயதை அறிய எனக்கு இதைவிட நல்ல கேள்வி தெரியவில்லை.

அலுவலகமே இல்லாத முதல் நிலையில், வாடிக்கையாளர் போன் செய்து திட்டும்போதுதான் பிளான்ட் ஹெட்டுக்குத் தெரியும். எல்லாம் அவருடைய டைரியிலும் இரண்டு கெட்டிக்கார இன்ஜினியர்களின் ஞாபகத்திலும் இருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் அதிகச் சம்பளத்துக்கு அடுத்த சிப்காட்டுக்குப் போய்விட்டால், பாதித் திட்டம் அவரோடு கிளம்பிவிடும்.

அடுத்த நிலையில் படிவங்கள் வருகின்றன. கிறைஸ்லர், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் மூன்றும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஏ.பி.க்யூ.பி. என்னும் ஐந்து கட்டத் தரத் திட்டமிடல் முறையை வாடிக்கையாளர்கள் வற்புறுத்துவதால், சப்ளையர் கம்பெனிகளும் அதைப் பின்பற்றுகின்றன. வாரா வாரம் ரிவ்யூ நடக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு. இங்கேதான் பெரும்பாலான அலுவலகங்கள் சிக்கி நின்றுவிடுகின்றன. சிவப்பு போட்ட இன்ஜினியரை எல்லோர் முன்னும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டால் அடுத்த வாரம் அவர் பச்சை போடுவார். "சரிபண்ணிடலாம் சார், ரெண்டு நாள் வேலைதான்" என்பார். உலகெங்கும் திட்ட மேலாளர்கள் இதைத் தர்பூசணி அறிக்கை என்கிறார்கள்: தோல் பச்சை, உள்ளே சிவப்பு. படிவங்கள் கூடக் கூட உண்மை இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பி.எம்.ஓ. என்றாலே ரிப்போர்ட் கேட்டு நச்சரிக்கும் இடம் என்று ஷாப் ஃப்ளோரில் எரிச்சல் வருவதும் இந்தக் கட்டத்தில்தான். அந்த எரிச்சல் நியாயமானது.

இதைத் தாண்ட சாஃப்ட்வேர் உதவாது. பிளான்ட் ஹெட் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டால்தான் இது நடக்கும். சிவப்பு போட்டவரிடம் "ஏன் லேட்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கத் தொடங்கிய சில மாதங்களில் அறிக்கையின் நிறம் மாறும். சிவப்பு கூடும். வெளியிலிருந்து பார்ப்பவர் நிலைமை மோசமாகிவிட்டது என்று நினைப்பார். உண்மையில் அலுவலகம் வளரத் தொடங்கிய அறிகுறி அது. 0.4 மில்லிமீட்டர் செய்தி இப்போது திங்கள் மாலையே மேலே போகிறது.

மூன்றாவது நிலையில் பழைய திட்டங்கள் பேசத் தொடங்குகின்றன. சென்ற நான்கு மாடல்களில் ஒவ்வொரு டைக்கும் எத்தனை முறை திருத்தம் தேவைப்பட்டது, திட்டமிட்ட நாள் எது, முடிந்த நாள் எது என்ற பதிவு இருக்கும். "ரெண்டு நாள் வேலை" என்று யாராவது சொன்னால், முன்பு அதே வேலை எத்தனை நாள் இழுத்தது என்று எடுத்துக் காட்டலாம். அட்டவணையில் உள்ளூர் அறிவும் ஏறுகிறது. சீனாவிலும் கொரியாவிலும் சந்திரப் புத்தாண்டுக்கு டூல் கம்பெனிகள் மூடியிருக்கும். அதற்குச் சற்று முன்னால்தான் இங்கே பொங்கல். சத் பூஜைக்கு பீகார் தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வட்டாரத்துப் பெரிய ஆலைகளே உற்பத்தியை நிறுத்த வேண்டியிருந்தது. முதிராத அலுவலகத்தின் அபாயப் பட்டியலில் "இயற்கைச் சீற்றம், வாய்ப்பு குறைவு" என்று எங்கிருந்தோ நகலெடுத்த வரி ஒன்று இருக்கும். முதிர்ந்த அலுவலகம் வடகிழக்குப் பருவமழையின் போது முக்கியமான ட்ரையல் எதையும் வைக்காது; வைத்தே ஆகவேண்டும் என்றால் உதிரிபாகங்களை முன்கூட்டியே உள்ளே கொண்டுவந்துவிடும்.

நான்காவது நிலை பலருக்கும் கசக்கும். ஒரே சப்ளையர் மூன்று கார் கம்பெனிகளுக்கும் ஒரு லாரிக் கம்பெனிக்கும் வேலை செய்கிறார். நான்கு திட்டங்களும் தனித்தனியே பார்த்தால் பச்சைதான். ஆனால் டூல் ரூம் ஒன்று, அளக்கும் மெஷின் ஒன்று, அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர். நான்கும் ஒரே மாதத்தில் வந்து மோதப்போகின்றன என்பதை எல்லாத் திட்டங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கண்ணுக்குத்தான் தெரியும். அப்போது பி.எம்.ஓ. முதலாளியிடம் போய் "இந்த ஆர்டரை இப்போது எடுக்க வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் அதிகாரம் இல்லாத அலுவலகம் எத்தனை சான்றிதழ் வாங்கினாலும் இரண்டாம் நிலையில்தான் இருக்கிறது என்பேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரகடத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. அங்குள்ள வாகன ஆய்வு மையம், நேட்ரிப் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் ஒரு பகுதி. ஒரகடம், மானேசர், புனே, அகமத்நகர், இந்தூர், சில்சார், ரேபரேலி என ஏழு இடங்களின் பணிகளை ஒரே அமலாக்கச் சங்கம் நடத்த வேண்டியிருந்தது. 2005இல் 1,718 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. 2016இல் மத்திய அமைச்சரவை ஏற்ற திருத்திய மதிப்பீடு 3,727.30 கோடி. இந்தூர் அருகே 11.3 கிலோமீட்டர் அதிவேகத் தடம் 2021இல்தான் திறக்கப்பட்டது. ஏழு தனி அட்டவணைகளும் ஒரே நிதியையும் ஒரே அனுமதிகளையும் நம்பியிருந்தால், ஓரிடத்தில் ஏற்படும் தாமதம் அந்த இடத்தோடு நிற்காது.

நிலைகளாகப் பிரித்துப் பார்க்கும் இந்த வழக்கம் தரக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து வந்தது. பிலிப் கிராஸ்பி 1979இல் எழுதிய நூலில் நிறுவனங்களின் தர உணர்வை ஐந்து கட்டங்களாக வகுத்தார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் வாட்ஸ் ஹம்ஃப்ரி அந்தக் கருத்தை மென்பொருளுக்குப் பொருத்தினார். அப்படி உருவான முதிர்ச்சி மாதிரியின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. நம் ஐ.டி. கம்பெனிகள் பெருமையோடு விளம்பரப்படுத்திய "ஐந்தாம் நிலை" சான்றிதழின் மூலம் இதுதான். திட்ட மேலாண்மைக்கென்று பி.எம்.ஐ. அமைப்பு 2003இல் தனி மாதிரி ஒன்றை வெளியிட்டது.

ஆனால் எந்த அலுவலகமும் வரிசையாக மேலே ஏறிக்கொண்டே போவதில்லை. கனடாவில் பிரையன் ஹாப்ஸும் மோனிக் ஆப்ரியும் 500 பி.எம்.ஓ.க்களை ஆராய்ந்தபோது, அவை ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பதும், பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் கலைக்கப்படுகின்றன அல்லது மாற்றியமைக்கப்படுகின்றன என்பதும் தெரிந்தது. இங்கேயும் அப்படித்தான். புது எம்.டி. வருகிறார், செலவைக் குறைக்கச் சொல்கிறார், முதலில் கைவைக்கும் இடம் பி.எம்.ஓ. ஆலையின் உரிமையே கைமாறவும் செய்யும்; ஒரகடம் ஆலையில் நிசானின் பங்கை ரெனோ வாங்கியது 2025இல்தான். அலுவலகம் கலைந்தாலும் டை திருத்தப் பதிவேடும் சிவப்பு போடப் பயப்படாத இன்ஜினியர்களும் உள்ளே மிஞ்சியிருந்தால், அடுத்து வரும் குழு முதல் நிலையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதனால் அலுவலகத்தை மூட முடிவெடுக்கும் நிறுவனம், மூடுவதற்கு முன் அந்தப் பதிவேட்டை டூல் ரூமிடம் ஒப்படைத்துவிட்டால் போதும். மற்ற படிவங்கள் போனால் போகட்டும்.