விமானத்தின் வால் உடைந்தது ஏன்? எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

விமானம் விழுந்தது ஓரிடம். அதன் வால் துடுப்பு கிடைத்தது வேறிடம்.

2001ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி. நியூயார்க்கிலிருந்து டொமினிக்கன் குடியரசுக்குப் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம் சில நிமிடங்களிலேயே குடியிருப்பு வட்டாரத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் இருந்த 5 பேரும் மாண்டனர்.

செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டே மாதம். 'இதுவும் தாக்குதலா?' என்றுதான் பலரும் கேட்டார்கள்.

ஆனால் வாலில் நிமிர்ந்து நிற்கும் துடுப்பு, ஜமைக்கா விரிகுடாத் தண்ணீரில் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. அப்படியென்றால் அது வானத்திலேயே கழன்றுவிட்டது!

<b>வால் துடுப்பு எதற்கு?</b>

விமானம் நேராகப் பறக்க அது உதவுகிறது. அதன் பின்பக்கத்தில் அசையும் பகுதிதான் சுக்கான். விமானி காலால் மிதியை அழுத்தினால் சுக்கான் இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பும்.

<b>பொருள் மட்டமானதா?</b>

அந்த ஏர்பஸ் ஏ300-600 விமானத்தின் துடுப்பு கார்பன் இழையால் ஆனது. அதை உடலோடு சேர்த்துப் பிடிப்பவை 6 முக்கிய இணைப்புகள். சந்தேகம் அவற்றின்மீதுதான் விழுந்தது.

உடைந்த இடங்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நாள்பட்ட விரிசலுக்கான அடையாளம் இல்லை. அதே மாதிரி இணைப்புகளை ஆய்வுக்கூடத்தில் உடையும்வரை இழுத்தும் பார்த்தார்கள்.

விமானப் பயணத்தில் எதிர்பார்க்கப்படும் அதிகபட்ச விசையைப்போல் ஒன்றரை மடங்கைத் துடுப்பு தாங்கவேண்டும் என்பது விதி. அன்று அதன்மீது விழுந்ததோ ஏறக்குறைய இரண்டு மடங்கு!

<b>அவ்வளவு விசை எங்கிருந்து வந்தது?</b>

முன்னால் சென்ற ஜம்போ விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் விமானம் குலுங்கியது. துணை விமானி மிதியை இடம், வலம் என மாறிமாறி முழுமையாக அழுத்தினார். ஒவ்வொரு முறையும் விமானம் பக்கவாட்டில் இன்னும் அதிகமாகத் திரும்பியது. சில விநாடிகளில் துடுப்பு பிய்த்துக்கொண்டு போனது.

'குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே பறக்கும்போது மிதியை எப்படி அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.' விமானிகள் பலர் அப்போது அப்படித்தான் நம்பியிருந்தார்கள். உண்மையில் அந்தப் பாதுகாப்பு ஒரே ஒரு தடவை அழுத்துவதற்குத்தான். மாறிமாறி அழுத்துவதற்கு இல்லை.

2004இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவை அறிவித்தது: தேவையில்லாத, அளவுக்கு மீறிய சுக்கான் பயன்பாடே காரணம். லேசாக அழுத்தினாலே வேகமாகத் திரும்பும் சுக்கானின் வடிவமைப்புக்கும், நிறுவனம் அளித்த பயிற்சிக்கும் அதில் பங்கு உண்டு என்றது.

உடைந்த பாகம் பலவீனமாகத்தான் இருந்திருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றலாம். இங்கே துடுப்பு தாங்கவேண்டியதைவிட அதிகமாகவே தாங்கியது. பொருளை மட்டும் குறைசொல்லி விசாரணையை முடித்திருந்தால், விமானிகளின் அந்தத் தவறான நம்பிக்கை அப்படியே தொடர்ந்திருக்கும்.