விலா எலும்பை எடுத்தால் நரம்புக்கு என்ன ஆகும்? ஆபரேஷனுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஸ்பேனர் பிடிப்பவருக்கும், பக்கத்து ஐ.டி. வளாகத்தில் லேப்டாப் முன் குனிந்தே இருப்பவருக்கும் ஒரே புகார் வரலாம்: "சுண்டு விரல் மரத்துப்போகுது, கையில வலுவே இல்ல."

பெரும்பாலும் கழுத்து டிஸ்க் அல்லது முழங்கை நரம்பில்தான் பிரச்சினை இருக்கும். அரிதாக, 'தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்' ஆகவும் இருக்கலாம்.

அது என்ன?

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே உள்ள குறுகிய சந்து வழியாகத்தான் கைக்கான நரம்புகளும் ரத்தக்குழாய்களும் போகின்றன. அங்கே நெருக்கடி ஏற்பட்டால் வலி, மரப்பு. சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் கூடுதலாக ஒரு விலா இருக்கும்.

நரம்பு அழுத்தத்துக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் பிசியோதெரபிதான். பலன் இல்லையென்றால் முதல் விலாவை எடுப்பார்கள். அக்குள் வழியாக எடுக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் டேவிட் ரூஸ் 1966-ல் விவரித்தார்.

எந்த நரம்புகளுக்கு ஆபத்து?

* பிரேக்கியல் பிளெக்சஸ்: கைக்கான நரம்புக் கொத்து. பாதித்தால் விரல் மரப்பு, பிடிமானக் குறைவு.
* லாங் தொராசிக்: தோள்பட்டை எலும்பு முதுகில் இறக்கைபோலத் துருத்தும், கையை மேலே தூக்குவது சிரமம். ஸ்பேனர் பிடிப்பவருக்கு இது பிழைப்புப் பிரச்சினை.
* ஃப்ரெனிக்: உதரவிதானத்தை இயக்கும் நரம்பு. பாதித்தால் மூச்சு வாங்கும்.
* இன்டர்காஸ்டோபிரேக்கியல்: மேல்கையின் உட்புறம் மரத்துப்போகும்.

நரம்பு இழுபட்டிருந்தால் வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகலாம். அறுந்தால் நிரந்தரப் பாதிப்பாகலாம்.

இடுப்பு மெலிய விலா எடுப்பது?

அழகுக்காக 11, 12-வது விலாக்களை எடுக்கிறார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடுகிறது. அது சேதமானால் மாதக்கணக்கில் எரிச்சல் வலி, வயிற்றுப் பக்கத் தோலில் மரப்பு வரலாம். சிறுநீரகமும் நுரையீரல் உறையும் பக்கத்திலேயே இருக்கின்றன. நோயே இல்லாத உடம்பில் எடுக்கும் ரிஸ்க் இது.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

டிஸ்க் பிரச்சினை இல்லை என்று எம்.ஆர்.ஐ., நரம்புக் கடத்தல் சோதனைகளில் உறுதியானதா? இந்த ஆபரேஷனை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எனக்கு எந்த நரம்புக்கு ஆபத்து அதிகம்?

செகண்ட் ஒபீனியன் வாங்கத் தயங்க வேண்டாம். ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போனால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுத் திணறலோ, புதிதாகக் கை பலவீனமோ வந்தால், "தானா சரியாகிடும்" என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.