ஊர் ஊராய்ச் சென்ற ஓபரா

ஓபரா என்னும் ஸங்கீத நாடகம் செல்வர் மாளிகைக்கே உரியது என்று இங்கிலாந்திலும் வெகுகாலம் எண்ணி வந்தனர். பெரிய அரங்கு, பெரிய வாத்திய கோஷ்டி, பெருஞ்செலவு. புதிதாய் எழுதுவோனுக்கு அங்கே இடமேது?

பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஸங்கீத கர்த்தா 1947-ல் நண்பர் சிலருடன் ‘இங்கிலீஷ் ஓபரா குரூப்’ என்னும் கம்பெனியை ஸ்தாபித்தார். அவர் இயற்றிய ‘ஆல்பர்ட் ஹெர்ரிங்’ நாடகத்துக்குப் பத்துப் பதின்மூன்று வாத்தியக்காரரே போதும். சிறு மேடையிலும் நடத்தலாம். அவ்வாண்டுக் கோடையில் ஹாலந்துக்கும் ஸ்விட்ஸர்லாந்துக்கும் கம்பெனி சென்றது. ஆனால் பிரயாணச் செலவு வரவை விழுங்கிவிட்டது. வேறொரு கம்பெனியாயின் அன்றே கொட்டகையைப் பிரித்திருக்கும். இவர்களோ, அந்நிய தேசம் போய் நஷ்டப்படுவானேன், நம் ஊரிலேயே விழா எடுத்தால் என்ன என்று யோசித்தனர். 1948-ல் ஆல்ட்பரோ என்ற கடற்கரைச் சிற்றூரில் விழா துவங்கிற்று. அங்கிருந்த ஜூபிலி மண்டபமோ கையகலம்!

பழமையையும் அவர்கள் கைவிடவில்லை. தெருப்பாட்டு மெட்டுகளிலேயே பிரதம மந்திரி வால்போலைக் கேலி செய்த ஜான் கேயின் ‘பிச்சைக்காரர் ஓபரா’ 1728-ல் மேடையேறியது. அதே மெட்டுகளுக்குப் பிரிட்டன் 1948-ல் புதிய வாத்திய அமைப்புச் செய்தார். அரசனைப் புகழும் நாடகத்துக்குப் புத்துயிர் கொடுப்போர் பலர்; மந்திரியை இகழ்ந்ததைத் தேடி எடுத்தது நமக்கு உவப்பாயிருக்கிறது.

1975-ல் பெயர் மாறிய அக்கம்பெனி சில ஆண்டுகளில் மறைந்தது. நஷ்டத்தில் பிறந்த ஆல்ட்பரோ விழா இன்றும் நடந்து வருகிறது.