ஏழுமுறை கடலைப் பார்த்த பணியாள்



மழைக்காகச் செபிக்கும்போது நாம் வானத்தைப் பார்க்கிறோம். எலியா இறைவாக்கினரோ கார்மேல் மலையில் தரைமட்டும் தாழ்ந்து செபித்தபடியே, கடலைப் பார்த்துவரத் தம் பணியாளை மீண்டும் மீண்டும் அனுப்பினார் (1 அரசர்கள் 18). ஏழாம் முறைதான் உள்ளங்கை அளவு மேகம் தென்பட்டது.

மழைக்கான திருப்பலி முடிந்ததும், ஓசூர்ப் பக்கம் தக்காளி பயிரிடும் விவசாயி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சாமி, இந்த வருசம் மழை குறையும்னு விஞ்ஞானிகள் முன்னாடியே சொல்லிட்டாங்க. அப்புறம் செபம் எதுக்கு?" ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்கியவரின் கேள்வி இது. எளிதில் தள்ளிவிட முடியுமா?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர், பசிபிக் பகுதியில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் தாழ்வதையும், அங்கே தாழும்போது இங்கே உயர்வதையும் கண்டார். இந்த ஊசலாட்டம் கடல்நீர் வெப்பமடைவதோடு இணைந்தது என்பதை 1969-இல் பியர்க்னெஸ் விளக்கினார். கிறிஸ்து பிறப்புக் காலத்தையொட்டி வரும் அந்த வெப்ப நீருக்குப் பெரு நாட்டு மீனவர்கள் முன்பே குழந்தை இயேசுவை நினைத்து 'எல் நினோ' என்று பெயரிட்டிருந்தார்கள்.

வெப்பம் எப்படிப் பயணம் செய்கிறது? பசிபிக்கின் மேற்கே காற்று தளரும்போது, அங்கே குவிந்திருந்த வெப்ப நீர் 'கெல்வின் அலை'யாகக் கிழக்கே நகர்கிறது. கடலின் மேற்பரப்பு சில சென்டிமீட்டரே உயரும். உள்ளே வெப்ப நீருக்கும் குளிர் நீருக்கும் இடைப்பட்ட எல்லையோ பல பத்து மீட்டர் தாழும்.

இதன் வேகத்தைக் கணக்கிடலாம். புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமிக்கு இது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். உள் அலைக்கோ இரு நீரடுக்குகளின் அடர்த்தி வேறுபாடு மட்டுமே உந்துவிசை. அது அரை விழுக்காடு, மேலடுக்கின் ஆழம் 150 மீட்டர் என்று கொண்டால், வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான், மிதிவண்டியின் வேகம்! பசிபிக்கைக் கடக்க இரண்டு மாதங்களுக்கு மேலாகும். கரையில் மோதியபின் மேற்கே திரும்பும் 'ராஸ்பி அலை' நிலநடுக்கோட்டருகே இதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் செல்கிறது. இந்த மெதுவான நடைதான் நமக்கு முன்னறிவிப்புக்கான காலத்தைத் தருகிறது.

எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறையவும், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை கூடவும் வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், உறுதியன்று. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது எல் நினோ இல்லாத காலத்தில்தான்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1877-இல் பசிபிக்கில் கடுமையான எல் நினோ இருந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மக்கள் பசியால் மடிந்தபோதும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. மழை பொய்த்ததற்குக் கடல் காரணமாகலாம். தானியம் கப்பலேறியதற்குக் கடல் காரணமா?

அந்த விவசாயிக்கு நாம் தரும் பதில் இதுவே: அலையின் கணக்கு, மழை குறையலாம் என்று மட்டும் சொல்லும். அப்போது அயலாரைக் கைவிடாத இதயத்தைச் செபம் கேட்கிறது. எலியா செபத்தையும் விடவில்லை, கடலைப் பார்ப்பதையும் விடவில்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரலில் வெளியிடும் பருவமழை முன்கணிப்பை நம் அன்பியக் கூட்டங்களில் வாசிப்போம். கடன் வாங்கிக் கிணறு தோண்டுமுன் கலந்து பேசுவோம். தண்ணீர் உள்ளவர் இல்லாதவரோடு பகிர்வோம். கடலுக்கு எல்லை வகுத்த இறைவன் நம் தன்னலத்திற்கும் எல்லை வகுப்பாராக! ஆமென்.